இரத்த வகையும் நமது கடமையும்

(பாகூரில் கூடிய நம் சங்கத்துக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களில் கல்வி நிதி, கலியாணச் செலவுக் குறைப்பு, கோயிற் கட்டளை முதலியவற்றைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்வது வழக்கம். இன்று அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, மனித தேகத்தில் ஓடும் இரத்தத்தைப் பற்றிப் பேசுமாறு யாம் பணிக்கப்பெற்றோம். யாம் வைத்தியர் அல்லேம். எனினும் வைத்தியர்பாற் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்தவற்றுள் நம்மவர்க்கு இன்றியமையாதனவற்றை எடுத்துரைக்கத் துணிந்தோம். குற்றம் உளதாயின் பெரியோர் பொறுத்தருள்க.

இப்பொருளை மேற்கொண்டதற்குக் காரணங்கள் இரண்டு. சென்ற கூட்டத்தில் நம் இளைஞர் சிலர் ஒரு விண்ணப்பம் கொணர்ந்தனர். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் வாழும் நம் சமூகத்தாரின் இரத்த வகைகளை ஒரு பதிவேட்டில் எழுதி, நம்மவர்க்கு இரத்தம் வேண்டுங்கால் நம்மவரே கொடுத்து உதவுமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது அவ்விண்ணப்பம். அதன்மேல் முடிவு செய்யாது, ஆராய்ந்து கூறுமாறு சங்கம் எம்மைப் பணித்தது. இஃது ஒரு காரணம். மற்றொன்று எம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் இரத்த வகை என்பது யாது என அறிவோம். முற்காலத்தில் ஒருவர் இரத்தத்தை மற்றொருவர் உடலிற் செலுத்திய வைத்தியர் சிலர் வெற்றி கண்டனர். பலர் நோயாளியை இழந்தனர். காரணம் விளங்கவில்லை. 1901-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்னும் பேரறிஞர், சிலர் இரத்தத்தை மற்றும் சிலர் இரத்தத்தோடு கலந்தால் சிவப்பணுக்கள் திரண்டு கட்டியாவதையும், வேறு சிலரதனோடு கலந்தால் அவ்வாறு ஆகாமையையும் கண்டு, மனித இரத்தம் ஒரு தன்மைத்தன்று என்று வெளியிட்டார். அவர் கண்டவையே இன்று ஏ, பி, ஓ எனப் பெறும் வகைகள். ஏபி என்னும் நான்காம் வகை அடுத்த ஆண்டில் அவர் வழியினரால் அறியப்பட்டது. இதன்பொருட்டு 1930-இல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளே இன்று உலக இரத்த தான நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஏ, பி என்பன சிவப்பணுவின் மேற்புறத்தில் உள்ள அடையாளங்கள். ஓ வகையினர்க்கு அவ்விரண்டும் இல்லை. ஏபி வகையினர்க்கு இரண்டும் உண்டு. தன்பால் இல்லாத அடையாளத்தை எதிர்க்கும் பொருள் ஒவ்வொருவர் இரத்த நீரிலும் குழவிப் பருவம் முதற்கொண்டே அமைந்துவிடுகிறது. ஆதலின் வகை மாறிய இரத்தம் ஏற்றினால், அது முதன்முறையாயினும், உடனே தீங்கு விளையும். இவ்வளவும் நம் இளைஞர் பலர் பள்ளியிற் படித்தனவே.

நிற்க. இவ்வகைகளை ஒத்துப் பார்த்து ஏற்றிய பின்னரும் சிற்சில இடங்களில் விபத்து நேர்ந்தது. 1939-இல் லெவைன், ஸ்டெட்சன் என்னும் வைத்தியர் இருவர் ஒரு நிகழ்ச்சியை வெளியிட்டனர். ஒரு பெண்மணி இறந்த பிள்ளையைப் பெற்றார். இரத்தம் மிகுதியும் போயிற்று. கணவன் இரத்தம் அவருடையதைப் போன்றே ஓ வகையாதலின் அதனை ஏற்றினர். ஏற்றிய அளவில் அம்மையார்க்குக் கடும் உபாதை கண்டது. அவர் உடலில் ஏதோ ஓர் எதிர்ப்பொருள் முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும் என்றும், வயிற்றிலிருந்த பிள்ளை தந்தையிடமிருந்து பெற்ற அடையாளம் ஒன்றே அதனைத் தூண்டியது என்றும் அவ்வைத்தியர் கருதினர்.

அடுத்த ஆண்டாகிய 1940-இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் என்னும் குரங்கின் சிவப்பணுவை முயல்களுக்குச் செலுத்தி, அம்முயல்களின் இரத்த நீரைக் கொண்டு நியூயார்க்கு வெள்ளையரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 85 பேருடைய சிவப்பணு திரண்டது; 15 பேருடையது திரளவில்லை. ரீசஸ் என்பது நம் வடநாட்டில் மிகுதியாக வாழும் செம்முகக் குரங்கு. நம் தென்னாட்டுக் கோயிற் புறங்களிற் காணும் குல்லாய்க் குரங்கு வேறினம். குரங்கின் அடையாளமும் மனிதனுடையதும் முற்றும் ஒன்றல்ல என்று பிற்காலத்தார் கண்டனர். ஆயினும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ரீசஸ் என்பதன் முதலெழுத்துகளே ஆர்.எச். என வழங்குகின்றன. இவ்வகையில் டி, சி பெரியது, சி சிறியது, ஈ பெரியது, ஈ சிறியது முதலிய அடையாளங்கள் பல உள. அவற்றுள் வல்லது டி. டி உள்ளவரைப் பாசிட்டிவ் என்றும், இல்லாதவரை நெகட்டிவ் என்றும் கூறுகிறோம்.

நெகட்டிவ் என்பது நோயன்று, குறையன்று, பலவீனமன்று என்பதைத் தாய்மார்கள் முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஓர் அடையாளம் இல்லாமை மட்டுமே அது. ஐரோப்பியருள் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் நெகட்டிவ். ஸ்பெயின், பிரான்சு எல்லை மலைகளில் வாழும் பாஸ்க்கு மக்களுள் அதனினும் மிகுதி. சீனர், ஜப்பானியருள் நூற்றுக்கு ஒருவரும் இல்லை. நம் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் என்பது பொதுக்கணக்கு.

ஏபிஓ வகைக்கும் டி அடையாளத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. டி-யை எதிர்க்கும் பொருள் நெகட்டிவ் உடையார்க்குப் பிறவியில் அமைவதன்று. டி உள்ள இரத்தம் உள்ளே புகுந்த பின்னரே உண்டாவது. எனவே நெகட்டிவ் உடைய ஒருவர்க்குத் தவறிப் பாசிட்டிவ் இரத்தம் முதன்முறை ஏற்றினால் அப்போது ஒன்றும் நிகழாதது போலத் தோன்றும். உடல் மறவாது. சில வாரங்களில் எதிர்ப்பொருள் தோன்றி நெடுங்காலம் தங்கிவிடும். மறுமுறை ஏற்றும்போது அது வெளிப்படும். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று கூறுவார் கூற்று இதனாற் பயனற்றதாகிறது. உயிர் போகும் அவசரத்தில் நெகட்டிவ் இரத்தம் கிட்டாதபோது, ஆடவர்க்கும் முதியோர்க்கும் வைத்தியர் பாசிட்டிவ் இரத்தத்தை ஆராய்ந்து ஏற்றுவதும் உண்டு. பிள்ளை பெறும் வயதுடைய பெண்டிர்க்கும் சிறுமியர்க்கும் அவ்வாறு செய்ய அஞ்சுவர். காரணம் இனிக் கூறுவது.

தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ், பிள்ளை தந்தையைப் போன்று பாசிட்டிவ் என்று கொள்க. பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் உடலிற் கலக்கிறது. கருச்சிதைவிலும் அவ்வாறு நேரக்கூடும். தாயுடல் அதனை அயலெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. முதற் பிள்ளை அதற்குள் பிறந்துவிடுதலின் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் ஆயின், அவ்வெதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே சென்று அதன் சிவப்பணுவை அழிக்கும். பிள்ளை சோகை பிடித்துப் பிறக்கும். பிறந்த அன்றே மஞ்சள் பூக்கும். அம்மஞ்சள் மூளையைத் தாக்கும். மிகுந்தால் உடல் நீர்கோத்து வயிற்றிலேயே இறக்கும். பின்வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தீங்கு முன்னையதினும் முற்பட்டு நேர்வதே இதன் இயல்பு.

எம் குடும்பத்துத் துயரம் என்று முன்னர்க் குறித்தோம். எம் பெரிய தாயார் இக்கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். 1957-இல் தலைப்பிள்ளை ஆண், நன்கு வளர்ந்தது. அடுத்த இரண்டு பிள்ளைகள் மஞ்சள் பூத்துப் பிறந்து, ஒன்று மூன்றாம் நாளும் மற்றொன்று மறுநாளும் இறந்தன. நான்காவது வயிற்றிலேயே இறந்து, வீங்கிப் பிறந்தது. ஊரார் நாகதோஷம் என்றனர். மாமியார் முற்பிறவிப் பாவம் என்றார். சாந்திகள் செய்தனர், தலங்களுக்குச் சென்றனர். வளைகாப்பு வீடுகளில் அவரை முன்னிற்க விடார். அவர் கையால் வளையல் அடுக்கார். பச்சைப் பிள்ளையை அவர் மடியிற் கொடார். இவற்றையெல்லாம் அவர் வாய் திறவாது பொறுத்தார். ஏறக்குறைய இருபதாண்டுகளுக்குப் பின், ஓர் அறுவைச் சிகிச்சையின் பொருட்டு அவர் இரத்தத்தைச் சோதித்தபோது அது நெகட்டிவ் என்று தெரிந்தது. கணவரும் மகனும் பாசிட்டிவ். வைத்தியர் முன்னை நிகழ்ச்சிகளைக் கேட்டறிந்து, இதுவே காரணமாதல் வேண்டும் என்று விளக்கிக் கூறினார். எம் பெரிய தாயார் அவரை நோக்கி, “அப்படியானால் என் மேல் குற்றம் இல்லையா, ஐயா?” என்று ஒருமுறை கேட்டார். இல்லையென்றார் வைத்தியர். அவர் பின்னர் அதனைப் பற்றிப் பேசவேயில்லை.

அவர் பிள்ளைகளை இழந்த காலத்தில் இதற்குத் தடுப்பு உலகில் எங்கும் வழக்கிற்கு வரவில்லை. லிவர்ப்பூல் நகரத்து வைத்தியர் கிளார்க், ஃபின் முதலியோரும், நியூயார்க்கு நகரத்து ஃப்ரேடா, கோர்மன், பொல்லாக் என்போரும் 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் ஒரு வழி கண்டனர். தாயுடல் எதிர்ப்பொருளை உண்டாக்குமுன், பிறரிடமிருந்து எடுத்த அதே எதிர்ப்பொருளைச் சிறிதளவு ஊசி வழியே செலுத்திவிட்டால், பிள்ளையின் அணுக்கள் அழிந்து போம். தாயுடல் அவற்றை அறியாமலே விடும். இஃது ‘ஆன்டி-டி’ ஊசி. 1968-இல் வழக்கிற்கு வந்தது. ஊசி இல்லாத காலத்தில், ஏபிஓ வகை ஒத்த பாசிட்டிவ் பிள்ளையைப் பெற்ற நெகட்டிவ் தாயருள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர்க்கு எதிர்ப்பொருள் உண்டாயிற்று. பிரசவம் ஆன 72 மணி நேரத்திற்குள் ஊசி போட்டால் அது நூற்றுக்கு இருவர் அளவாகக் குறைகிறது. கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலும் ஒன்று போட்டால் அதனினும் மிகக் குறைகிறது. எதிர்ப்பொருள் ஒருமுறை உண்டாகிவிட்டால் இவ்வூசி பயன்படாது. அப்போதும் வழியில்லாமல் இல்லை; வயிற்றிலுள்ள பிள்ளைக்கே இரத்தம் ஏற்றுதல், பிறந்த பின் இரத்தத்தை மாற்றுதல், நீல ஒளியிற் கிடத்துதல் முதலிய சிகிச்சைகள் உள. அவற்றிற்குப் பெரிய மருத்துவமனையும் தேர்ந்த வைத்தியரும் வேண்டும். காலத்தே போடும் ஊசி ஒன்று அவ்வளவு அலைச்சலையும் தவிர்க்கும்.

இம்மருந்து முதலில் யந்திரத்திற் செய்யப்பட்டதன்று. மனிதர் ஈந்த இரத்த நீரிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் தமது 14-ஆம் வயதில் மார்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டபோது பிறர் இரத்தத்தாற் பிழைத்தார். அந்நன்றியை மறவாது 1954-இல் ஈயத் தொடங்கி, 2018 வரையில் 1,173 முறை ஈந்தார். அவர் இரத்த நீரில் இவ்வரிய எதிர்ப்பொருள் இருந்தது. அதனாற் பயன்பெற்ற குழந்தைகள் 24 இலட்சம் என்று அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தார் மதிப்பிட்டனர். 2025-இல் அவர் காலமானார். எந்த நாட்டு எந்தக் குலத்துத் தாய்க்கு அது சென்றது என்று அவர் கேட்டாரல்லர்.

இனி, குடும்பங்களில் கலகம் விளைக்கும் சில தப்பெண்ணங்களைக் களைவோம். தாயும் தந்தையும் பாசிட்டிவ், பிள்ளை மட்டும் நெகட்டிவ் என்று கண்டு மனைவியை ஐயுற்ற கணவர் உண்டு என்று கேள்வியுறுகிறோம். இது பேதைமை. டி அடையாளத்தை ஒவ்வொருவரும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு பங்காகப் பெறுகிறார். ஒரு பங்கு இருந்தாலும் பாசிட்டிவ். இரண்டும் இல்லாதவரே நெகட்டிவ். நூற்றுக்கு ஐவர் நெகட்டிவ் என்ற கணக்கின்படி, ஆயிரம் பேர் உள்ள ஊரில் நெகட்டிவ் உடையார் 50 பேர். ஒரு பங்கு மட்டும் உடையராய்ப் பாசிட்டிவ் எனப்படுவார் ஏறக்குறைய 350 பேர். இரு பங்கும் உடையார் 600 பேர். அந்த 350 பேருள் இருவர் மணந்துகொண்டால், அவர்க்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நெகட்டிவ் ஆதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இதில் ஐயுறுதற்கு என்ன இருக்கிறது? பாட்டன் பாட்டியர் சொத்து பேரனிடத்து வெளிப்பட்டது, அவ்வளவே.

கணவனும் மனைவியும் ஒரே இரத்த வகையினர் ஆயின் பிள்ளை பிறவாது, பிறந்தாலும் ஊனமாகும் என்பது மற்றொரு பேச்சு. இதற்கு ஆதாரம் சிறிதும் இல்லை. ஒரே வகையாயின் இவ்வகையில் நன்மையே. உறவில் மணம் செய்வதால் வரும் கேடு வேறு; இரத்த வகை ஒத்திருப்பது வேறு. இரண்டையும் குழப்புதல் கூடாது. மூன்றாவது, பெண் நெகட்டிவ் என்று தெரிந்தவுடன் சம்பந்தம் வேண்டாவென்று திரும்புதல். சாதகம் பார்ப்பது போல இதனையும் பார்த்துத் தட்டிக்கழிப்பார் சிலர். நூறு கலியாணங்களில் ஐந்து அளவில் மனைவி நெகட்டிவ், கணவன் பாசிட்டிவ் என்று அமைதல் இயல்பு. இரண்டு ஊசிகளால் நீங்குவதற்கு ஒரு பெண்ணின் வாழ்வைத் தடுப்பது தருமமாகுமா? பெண்ணைப் பெற்றோரும் அஞ்சி மறைத்தல் தகாது. மறைத்தால் ஊசி தவறும்.

இனி இரத்தம் ஏற்றும் முறையில் நாம் அறிய வேண்டுவன. அடையாள அட்டையில் எழுதியிருக்கிறதே என்று கூறி மருத்துவமனையில் பிணங்குதல் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதித்து, கொடுப்போர் அணுவையும் பெறுவோர் இரத்த நீரையும் கலந்து ஒத்துப் பார்த்தே ஏற்றுவர். மறைந்து கிடக்கும் எதிர்ப்பொருளைக் கண்டறியக் கூம்ஸ், மூரன்ட், ரேஸ் என்போர் 1945-இல் கண்ட சோதனையே இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. டி ஒத்திருந்தும், பன்முறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர்க்குச் சிறிய சி, பெரிய ஈ முதலிய அடையாளங்களுக்கு எதிர்ப்பொருள் தோன்றுவது உண்டு. சிலர்க்கு டி மிக மெலிதாக அமைந்து, சாதாரணச் சோதனையிற் புலப்படாது நிற்கும். 1952-இல் பம்பாயில் பேண்டே முதலிய வைத்தியர் கண்ட ‘பம்பாய் வகை’ மேலுக்கு ஓ வகை போலத் தோன்றும். ஆயினும் ஓ வகை இரத்தமும் அதற்கு ஆகாது. நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இவ்வகை சற்று மிகுதியும் காணப்படுகிறது. இவற்றையெல்லாம் அறிய ஆய்வுக்கூடத்தார்க்குச் சிறிது நேரம் வேண்டும். அந்நேரத்தில் அவர்களை நெருக்குதல் நோயாளிக்குத் தீங்கிழைப்பதாகும்.

ஆபத்துகளுட் பெரிது பெயர் மாறுதல். ஒருவர்க்கு உரிய பையை மற்றொருவர்க்கு ஏற்றுவதால் வருவனவே கொடியவை. ஆதலின் செவிலியர் நோயாளியின் பெயரை மீண்டும் மீண்டும் கேட்டால் சினவாது விடையிறுக்க. ஏற்றத் தொடங்கிய முதற் கால் மணி நேரம் உடனிருப்போர் விழித்திருக்க. குளிர் நடுக்கம், சுரம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் கண்டால் உடனே தெரிவிக்க.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பழமொழி. அதனால், என் மனைவிக்கு என் இரத்தமே கொடுங்கள், என் மகனுக்கு என் இரத்தமே ஏற்றுங்கள் என்று அன்பினால் வற்புறுத்துவார் உளர். பிள்ளை பெறும் வயதுடைய மனைவிக்குக் கணவன் இரத்தம் ஏற்றுதல் தகாது. அவன் அடையாளங்களுக்கு அவள் உடலில் எதிர்ப்பொருள் தோன்றின் வரும் பிள்ளைக்கு இடர். தாய் தந்தை, உடன்பிறந்தார் முதலிய நெருங்கிய உறவினர் இரத்தத்திலும் ஓர் ஆபத்து உண்டு. அதிலுள்ள வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அயலெனக் கண்டு விலக்காது இடங்கொடுத்துவிடுமாயின், அவை உள்ளே பெருகி அவ்வுடலையே தாக்கும். அந்நோய் வந்தாற் பிழைப்பது அரிது. அவ்வகை இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே ஏற்றுவர். பெரும்பாலோர்க்கு, முகமறியாத அயலான் இரத்தமே உறவினன் இரத்தத்தினும் காப்பானது. இவ்வுண்மை எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

இனி இளைஞர் விண்ணப்பத்திற்கு வருவோம். அவர்கள் நோக்கம் உயர்ந்தது, அதனைப் பாராட்டுகிறோம். ஆயின், நம்மவர்க்கு நம்மவரே என்னும் வரம்பு நிற்குமா? கணக்கிட்டுப் பார்ப்போம். நம் பதிவேட்டில் 200 பேர் சேர்ந்தனர் என்று கொள்க. அவருள் நெகட்டிவ் உடையார் ஏறக்குறைய 10 பேர். அப்பதின்மரும் ஓ, பி, ஏ, ஏபி எனப் பிரிவர். தமிழ்நாட்டுப் புறத்தில் ஓ வகை முதலாவதும் பி வகை அடுத்ததும் ஆதலின், ஓ நெகட்டிவ் நால்வர், பி நெகட்டிவ் மூவர், ஏ நெகட்டிவ் இருவர், ஏபி நெகட்டிவ் ஒருவரோ ஒருவரும் இல்லையோ. அந்த நால்வருள் ஒருவர் சென்ற மாதம் கொடுத்திருப்பார், ஒருவர்க்குச் சோகை, ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் கர்ப்பிணி. நள்ளிரவில் ஒரு பிரசவத்திற்கு இரண்டு பை வேண்டுமென்றால் நம் வேலியே நம் பெண்ணைக் கொல்லும்.

சரி, எல்லார்க்கும் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தனி இரத்தம் இயற்கையில் உண்டோ எனின், அதுவும் இல்லை. முதல் உலக யுத்தத்தின்போது சலோனிகா என்னும் பட்டினத்தில் லூத்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் அவர் மனைவியார் ஹாங்காவும் பல தேசத்துப் போர்வீரர் ஏறக்குறைய 8,000 பேர் இரத்தத்தைச் சோதித்து 1919-இல் வெளியிட்டனர். அவருள் இந்தியப் படையினரும் இருந்தனர். பி வகை இந்தியரிடத்து மிகுதி, ஏ வகை ஐரோப்பியரிடத்து மிகுதி என்று அளவில் வேற்றுமை கண்டனர். ஒரு வகை மட்டுமே உடைய தேசத்தாரைக் கண்டாரல்லர். 1972-இல் லெவன்டின் என்னும் அறிஞர், ரீசஸ் முதலிய 17 மரபுக் கூறுகளை உலகெங்குமுள்ள மக்களிடத்து ஆராய்ந்து, மனிதரிடையே உள்ள வேற்றுமையில் நூற்றுக்கு 85 பங்கு ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே அடங்கும் என்று கணக்கிட்டார். நம் வீதியில் அடுத்த வீட்டாரோடு நாம் ஒவ்வாமலும், அயற்சேரியார் ஒருவரோடு ஒத்தும் இருப்பது இதனால்தான்.

இரத்தத்திற்கு வேலி கட்டினவர் உலகில் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தார் முதலில் நீக்ரோவர் எனப்பட்ட கறுப்பு மக்களின் இரத்தத்தை ஏலாது மறுத்தனர். 1942 முதல் ஏற்றும், வெள்ளையர் இரத்தத்தோடு கலவாது தனியே வைத்தனர். இரத்தத்தைச் சேமித்து அனுப்பும் முறையை வகுத்தவருள் தலைசிறந்தவரான சார்ல்ஸ் ட்ரூ என்பவரே ஒரு கறுப்பர். இப்பிரிவுக்குச் சாஸ்திர ஆதாரம் இல்லையென்று அவர் எடுத்துரைத்தார். 1950-இல்தான் அச்சங்கம் அப்பிரிவை நீக்கியது. அவ்வருடமே ட்ரூ இறந்தார். அவர்கள் நாணி விட்டொழித்ததை நாம் புதிதாகத் தொடங்குவதா?

இரத்த வங்கியின் பையை நாம் கையிலெடுத்துப் பார்த்திருக்கிறோம். அதன்மேல் எழுதியிருப்பன எண், வகை, எடுத்த நாள், கெடும் நாள், செய்த சோதனைகள் ஆகியவையே. குலம் எழுதுவதற்கு அதில் இடமில்லை. இதுகாறும் நம் சமூகத்தார் எத்தனையோ பேர் பிரசவத்திலும் விபத்திலும் பிறர் இரத்தத்தாற் பிழைத்திருக்கின்றனர். அவ்விரத்தம் யாருடையது? வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரை இழுக்கும் வடத்தில் எவர் கை எங்கே பற்றியது என்று யாராவது பிரித்துக் காட்டக்கூடுமோ? நாம் கடன்பட்டவர், யாரிடம் பட்டோம் என்று தெரியாத கடனாளிகள். அத்தகைய கடனை எல்லார்க்கும் செலுத்துவதன்றி வேறு தீர்வு இல்லை.

நம் பகுதிக்கு வாய்ப்புகள் குறைவல்ல. 1823-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய வைத்தியப் பள்ளி, 1956-இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்று, இன்று கோரிமேட்டில் பெருநிலையமாக விளங்குகிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசினர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனை உள்ளது. வில்லியனூரை அடுத்த அரியூரிலும், பாகூரை அடுத்த கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள. அரசினர் மருத்துவமனையிற் பிரசவிக்கும் தாய்க்கு வேண்டும் இரத்தத்தை இலவசமாக அளித்தல் வேண்டும் என்பது 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் விதி. இரத்தத்தை விலைக்கு விற்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் தடுக்க ஆணையிட்டது. 1998 ஜனவரி முதல் அஃது ஒழிந்தது. விற்பார் இல்லையெனின் ஈவார் வேண்டும் அன்றோ?

கொடுத்தால் உடல் தளரும் என்று அஞ்சுவார்க்கு ஒரு வார்த்தை. 18 முதல் 65 வயது வரை, 45 கிலோ எடைக்குக் குறையாது, இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 அளவேனும் உள்ள நலமுடையார் எவரும் கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லி, எடை மிகுந்தவரிடம் 450 மில்லி. ஆடவர் 90 நாளைக்கு ஒருமுறையும் பெண்டிர் 120 நாளைக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். எடுத்த சிவப்பணு 35 முதல் 42 நாள் வரையிலேயே கெடாதிருக்கும். ஆகவே ஒருநாள் விழாவிற் கூட்டமாகச் சென்று கொடுத்துவிட்டு ஆண்டு முழுதும் மறந்திருத்தலினும், மாதந்தோறும் சிலராகச் சென்று கொடுத்தலே பயன் தரும். ஏரி நீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் பயிர் விளையுமா? பாகூர் ஏரிப் பாசனத்தார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை.

ஆதலின், இளைஞர் விண்ணப்பத்தை மாற்றி, சபையோர் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது: நம் வீட்டுப் பெண் கருவுற்றவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏபிஓ வகையும் ஆர்.எச். வகையும் சோதித்து எழுதி வாங்குதல் வேண்டும். கருச்சிதைவு நேரினும் மறையாது வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாவது: நெகட்டிவ் என்று தெரிந்தால், 28-ஆம் வாரத்து ஊசியையும், பிள்ளை பாசிட்டிவ் ஆயின் 72 மணி நேரத்திற்குள் போடும் ஊசியையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். அதற்கு வேண்டும் செலவை இயலாதார்க்குச் சங்க நிதியிலிருந்து அளித்தல் வேண்டும்.

மூன்றாவது: நெகட்டிவ் உடையாரின் உடன்பிறந்தார் அனைவரும் தத்தம் வகையைச் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும். பெற்றோர் இருவரும் பாசிட்டிவ் ஆயினும் நால்வரில் ஒருவர் நெகட்டிவ் ஆக வாய்ப்புண்டு. அரிய இரத்தம் ஈவார் அவ்வாறே கண்டறியப்படுவர். அவர் ஈவது பொது வங்கிக்கு.

நான்காவது: பதிவேடு எழுதுவோம், நம் பிள்ளைகளே அதனைக் காப்பர். ஆயின் அதில் எக்குலத்தாரும் பெயர் எழுதலாம்; எக்குலத்தார்க்கும் அதிலுள்ளோர் கொடுப்பர். நம் பாகூர்க் கொம்யூன் நிலம் கடலூர் மாவட்டத்து நிலத்தோடு பின்னிக் கிடப்பது. ஆதலின் எல்லைக்கு அப்பாலிருந்து கேட்பார்க்கும் இல்லையென்னாதிருப்போம்.

பெரியோர்களே! சங்கம் கண்டது நம்மவர் முன்னேற்றத்திற்காக என்பதை யாம் மறந்தோமல்லேம். எம் பெரிய தாயாரின் பிள்ளைகளுக்கு அக்காலத்து ஊசி இல்லை. இக்காலத்து அஃது உண்டு. அறியாமையால் இனி ஒரு பிள்ளையை இழந்தால் பழி நம்மேல் வரும். அவரை வளைகாப்பு மனையில் பின்னிறுத்தினவரும் நம் சமூகத்தாரே, அயலார் அல்லர் என்பதையும் நாணத்தோடு நினைவுகூர்கிறோம். அவர் நினைவாக அப்பதிவேட்டின் முதல் ஏட்டில் எம் வகையை எழுதி வைத்துவிட்டே இம்மேடையை விட்டு இறங்குவோம். அடுத்த வரியில் எழுதுவார் இச்சபையிற் பலர் உளர் என்று நம்புகிறோம்.

 தாய்மாரும் மக்களும் நலம்பெற்று வாழ்க!